பழுது பார்த்தலும் பழமை காத்தலும்

பழுது என்னும் சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருள்கள் பல. சிதைவு என்பது ஒன்று. குற்றம் என்பது ஒன்று. பயனின்மை என்பது ஒன்று. பொய் என்பதும் ஒன்று. உடைந்த பொருளும் பொய்த்த சொல்லும் ஒரே சொல்லுக்குள் அருகருகே அமர்ந்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் உடைந்ததொன்றைச் சீர்செய்யப் புகுவோன் எதிர்கொள்ளும் அறச்சிக்கல் முழுவதும் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. சிதைவை நீக்கப் புகுந்தவன் பொய்யை உண்டாக்கிவிடக்கூடும். பொய்க்கு அஞ்சியவன் பொருளைப் பயனற்றதாகவே விட்டுவிடக்கூடும். தமிழர் பேச்சில் இத்தொழிலுக்குப் பழுது நீக்கல் என்பதைக் காட்டிலும் பழுது பார்த்தல் என்னும் பெயரே பெருவழக்காக இருப்பதும் கருதத்தக்கது. நோய் பார்த்தல், பிள்ளைப்பேறு பார்த்தல் என்பவற்றில் வரும் பார்த்தலே இது. கண்ணால் காண்பதும் கையால் பேணுவதும் அங்கு ஒரு வினையாகி நிற்கின்றன. எதையும் மாற்றுவதற்கு முன் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்னும் கட்டளையும் அதில் மறைந்திருப்பதாகக் கொள்ளலாம்.

இச்சிக்கலை ஆராயப் பெருங்கோயிலோ அரண்மனையோ வேண்டுவதில்லை. பேராக் மாநிலத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களின் லயங்களிலிருந்தும் கிராணிமார் வீடுகளிலிருந்தும் கழித்தெறியப்பட்டு, ஈப்போ நகரத்துப் பழம்பொருட் கடைகளில் வந்து ஒதுங்கும் வால்வு இசைத்தட்டுப் பெட்டி ஒன்றே போதுமானது.

1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் செய்யப்பட்ட இப்பெட்டிகளை இன்றைய மாணாக்கர் பலர் கண்டிருக்கமாட்டார். மெல்லிய ஒட்டுப்பலகையால் ஆன பெட்டி. மேலே தோல்போன்ற துணி ஒட்டப்பட்டிருக்கும். தூக்கிச் செல்லக் கைப்பிடியும், திறந்து மூட மூடியும் உண்டு. இங்கிலாந்தில் பெட்டி செய்து விற்ற நிறுவனங்கள் பல இருந்தன. ஆனால் உள்ளே சுழலும் பொறியைச் செய்தவை பெரும்பாலும் இரண்டு நிறுவனங்களே. சுவிண்டன் நகரத்துக் கேரார்டு ஒன்று. பிர்மிங்காம் பகுதியைச் சேர்ந்த பி.எஸ்.ஆர். மற்றொன்று. ஒலியைப் பெருக்குவன இரண்டு அல்லது மூன்று கண்ணாடி வால்வுகள். 1904ஆம் ஆண்டில் ஜான் அம்புரோஸ் பிளெமிங் இருமுனை வால்வைக் கண்டார். 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையொன்றைச் செருகினார். அதன் பயனாகவே சிறிய மின்னலையைப் பெரிதாக்குவது கைகூடிற்று. 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் ஏறத்தாழ இருபதாண்டுக்குள் இவ்வால்வுகளை வீடுகளினின்றும் வெளியேற்றிவிட்டது.

தோட்டத்துத் தமிழனுக்கு இப்பெட்டி எளிதில் வாய்த்ததன்று. பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை 1930இலேயே எழுந்தது. எனினும் அது தந்த மின்சாரம் முதன்மையாகக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்குமே உரியதாயிருந்தது. ரப்பர்த் தோட்டத்து லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பிற்காலத்தில் தோட்டத்து மின்னாக்கி மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடிற்று. ஆதலால் லயத்தில் பாட்டுக் கேட்டவர் முதலில் கேட்டது சாவி கொடுத்து முடுக்கும் கிராமபோனில்தான். மின்சாரத்தில் ஓடும் பெட்டி, பல தோட்டங்களில், முதலில் கிராணி வீட்டுத் திண்ணைக்கே வந்தது. இச்செய்தி சிறியதாகத் தோன்றும். இக்கட்டுரையின் இறுதியில் அது மீண்டும் வரும்.

பெட்டி இங்கிலாந்தினது, பாட்டோ சென்னையினது. ஏவி. மெய்யப்பர் படத்தொழிலுக்கு வருமுன் நடத்திய சரசுவதி ஸ்டோர்ஸ் போன்ற விற்பனையகங்கள் தமிழ் இசைத்தட்டுகளைப் பரப்பின. 1933இல் இருபத்தேழாம் வயதை எட்டுமளவில் மறைந்த கிட்டப்பாவின் குரல், அவரைக் கண்டறியாதவர் செவிகளிலும் ஒலித்தது இத்தட்டுகளால்தான். 1944இல் வெளிவந்து மூன்று தீபாவளிகளைக் கண்ட அரிதாசு படத்தின் பாடல்களும் அவ்வாறே. 1926இல் கட்டப்பெற்று 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினத் துறைகளுக்கும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளுக்கும் இடையே ஓடிய ரஜூலா போன்ற கப்பல்களில் வந்தவர்களின் இரும்புப் பெட்டிகளுள் துணிகளுக்கிடையே இத்தட்டுகள் பாதுகாப்பாக வந்ததுண்டு. அரக்கினால் ஆன தட்டு. கை தவறினால் ஓடு போல் உடையும். அந்த அரக்கும் இந்தியக் காடுகளில் மரக்கிளையை மொய்க்கும் சிறு பூச்சியிடமிருந்து வந்ததே.

இனிப் பழுதைப் பார்க்கலாம். அறுபதாண்டு கிடந்த பெட்டியில் வால்வு கெட்டிருக்கும் என்று நினைப்பதே பொதுவழக்கம். உண்மையில் வால்வு பெரும்பாலும் பிழைத்திருக்கும். கெடுவன வேறு. பழைய மின்வேலைக்காரர் கண்டன்சர் என்று சொல்லும் மின்தேக்கிகளே முதலில் கெடுகின்றன. மெழுகூட்டிய தாளைச் சுருட்டிச் செய்யப்பட்ட இவற்றுள் ஈரம் புகுந்தவுடன் தடுக்க வேண்டிய மின்னழுத்தத்தைத் தடுக்காமல் கசியவிடும். ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குப் பாட்டை மட்டும் கடத்த வேண்டிய மின்தேக்கி கசியத் தொடங்கினால், இறுதி வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்துச் சிவந்து மாளும். அறியாதவன் பெட்டியை அப்படியே மின்னிணைப்பில் செருகிப் பார்ப்பது இதனால்தான் கேடாகிறது. அவன் ஆவலே பெட்டிக்குக் கூற்றுவனாகிவிடும். அடுத்துக் கெடுவது ஊசித் தலையிலுள்ள படிகம். ரோச்செல் உப்பு எனப்படும் படிகத்தை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும். 1880இல் பியேர் கியூரியும் அவர் உடன்பிறந்த ஜாக் கியூரியும் கண்ட உண்மையின் பயன் அது. அந்த உப்பு ஈரத்தைக் குடித்தால் கரைந்து கெடும். தீபகற்பத்தில் மழைக்குப் பெயர்பெற்ற தைப்பிங் நகரைத் தன்னகத்தே கொண்ட பேராக்கில் அது நெடுநாள் நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மூன்றாவது பழுதுதான் சிந்தனைக்கு உரியது. மோட்டாரின் தண்டுக்கும் சுழல்தட்டின் உட்புற விளிம்புக்கும் இடையே ரப்பர் விளிம்புள்ள சிறு சக்கரமொன்று அழுந்தி நின்று, தண்டின் சுழற்சியைத் தட்டுக்குக் கொண்டுசெல்கிறது. பெட்டியை ஓடும் நிலையிலேயே விட்டு மறந்துவிட்டால், தண்டு அழுந்திய இடத்தில் அச்சக்கரத்தில் குழி விழுந்துவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை பாட்டின் அடியில் தட்டுகின்ற ஓசை கேட்கும். காலம் செல்லச் செல்ல ரப்பர் இறுகிக் கொம்பு போலாகும், பிடிப்பு வழுக்கும், பாடுபவர் குரல் நடுவழியில் சோர்ந்து தாழும். பேராக் மண்ணில் நின்று இதைக் கேட்பவருக்கு ஒரு நினைவு வராமற் போகாது. இம்மாநிலத்தின் கோலாகங்சாரில்தான் 1877இல் ஹியூ லோ தம் இல்லத் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவ்வழியில் வந்த முதுமரமொன்று இன்றும் அவ்வூரில் காட்டப்படுகிறது. மலாயா உலகின் முதன்மை ரப்பர் நாடாயிருந்த காலத்தில் உருண்டவை இச்சக்கரங்கள். விடியுமுன் பெரட்டில் நின்று, பால்மரத்தைக் கீறி, வாளி சுமந்தவன் அந்தியில் கேட்ட பாட்டைச் சுழற்றியதும் மரத்தின் பாலே. அவன் பாடுபட்ட மணிக்கும் அவன் பாட்டுக் கேட்ட மணிக்கும் நடுவே நின்றது ஒரு விரற்கடை அகல ரப்பர்.

சக்கரத்துக்குப் புதிய ரப்பர் பூட்டி, மின்தேக்கிகளை மாற்றி, படிகத்துக்கு ஈடாக ஈரம் தாங்கும் பீங்கான் தலையை வைத்து, இறுகிய கொழுப்பைக் கழுவி, கிழிந்த துணியை மாற்றி ஒட்டிய பின் நிற்பது பழைய பெட்டியா, புதிய பெட்டியா? இவ்வினா பழையது. ஏதென்சு நகரத்தார் தீசியசு வீரனின் மரக்கலத்தைப் பாதுகாத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்தனர் என்றும், அது பழைய கலமே என்று சிலரும் அன்று என்று சிலரும் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க்கு எழுதிவைத்தார். தமிழர்க்கு இவ்வினா அத்துணைக் கலக்கம் தருவதன்று. பன்னீராண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குக் காணும் மரபினர் அவர். திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் ஆற்றலைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, கோயிலை இடித்தும் கட்டியும் வண்ணம் பூசியும் முடித்தபின் மீண்டும் கருவறைக்குக் கொண்டுவருவர். சுதை மாறியது, கல் மாறியது, ஓடு மாறியது, கோயில் மாறவில்லை. ஈப்போவின் குனோங் சீரோ அடிவாரத்துக் கல்லுமலைச் சுப்பிரமணியர் ஆலயத்துக்குத் தைப்பூசத்தன்று காவடி எடுத்து வருவோரை நிறுத்தி, இத்தூணின் வயது யாது என்று எவரும் கேட்பதில்லை. வழிபாடு தொடர்வதால் ஆலயம் தொடர்கிறது. அவ்வாறே பாட்டு ஒலிப்பதால் பெட்டி தொடர்கிறது எனலாம். இவ்வினாவில் இதற்குமேல் நெடிது நிற்பது வீண்.

நிற்க வேண்டிய இடம் வேறு. பழுது பார்ப்போரிடையே ஒரு வழக்கம் உண்டு. கெட்ட மின்தேக்கியின் அட்டை உறையைச் சூடுகாட்டித் திறந்து, உள்ளிருப்பதை எடுத்தெறிந்து, இன்றைய சிறு மின்தேக்கியை அதனுள் மறைத்து, மீண்டும் மெழுகிட்டு மூடுவர். அடித்தகட்டைத் திருப்பிப் பார்ப்பவர்க்கு எல்லாம் 1958இல் இருந்தவாறே இருக்கும். இதைக் கைத்திறன் என்று புகழ்வாரும் உளர். ஏமாற்று என்று இகழ்வாரும் உளர்.

பழைய கட்டடங்களைப் பற்றி இதே வழக்கு மேனாட்டில் நூறாண்டுக்கு மேல் நடந்தது. 1849இல் ஜான் ரசுக்கின், மீட்டமைத்தல் என்பதே பொய் என்று முடிவு கட்டினார். இறந்தவரை எழுப்ப இயலாதவாறே இறந்த கட்டடத்தையும் எழுப்ப இயலாது என்பது அவர் கொள்கை. 1964இல் வெனிசு நகரில் கூடிய அறிஞர் இணக்கமான வழியொன்றைக் கண்டனர். புதிதாகச் சேர்க்கப்படும் உறுப்பு முழுமையோடு இசைந்திருக்க வேண்டும். ஆயினும் பழையதினின்று பிரித்தறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று அவர்கள் விதித்தனர். இவ்விதி நன்று. எனினும் தமிழாசிரியர்க்கு வெனிசுவரை செல்ல வேண்டிய தேவையில்லை. உத்தமதானபுரம் வரை சென்றாலே போதும். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அவர்முன் இருந்தவை செல்லரித்த ஏடுகள். 267, 268 என்னும் எண்ணுடைய செய்யுட்கள் கிடைக்கவில்லை. வேறு பலவற்றில் சொற்களும் அடிகளும் சிதைந்திருந்தன. யாப்பு அவருக்குக் கைவந்தது. அக்காலப் புலவர் எவரையும்போல் அவரும் ஓரிரவில் அவ்விடங்களை நிரப்பியிருக்கலாம். நிரப்பியது எவர் கண்ணிலும் பட்டிராது. அவர் நிரப்பவில்லை. சிதைந்த இடத்தில் புள்ளியிட்டார்; பாடவேறுபாடுகளைக் கீழே குறித்தார்; கிடைக்காத எண்ணைக் கிடைக்காததாகவே விட்டார். இன்றும் மாணவன் 266ஐப் படித்து முடித்து 269க்குத் தாண்டுகின்றபோது, இரண்டு செய்யுள் அளவுக்குக் காலத்தின் பல் பட்ட இடத்தைத் தொட்டுச் செல்கிறான்.

அப்படியாயின் உறைக்குள் மறைப்பது குற்றந்தானா? முழுதும் அப்படிச் சொல்லிவிடவும் இயலாது. உறை பழையதாயிருப்பது கண்ணுக்கு இசைவானது. அடுத்த தலைமுறை மாணவன் பெட்டியின் அமைப்பை அதன் உருவத்திலேயே கற்க உதவுவது. குற்றம் உறையில் இல்லை. அதைப் பற்றி வாய் திறவாமையில் இருக்கிறது. எந்த ஆண்டில், எந்த உறுப்பை, எதற்காக மாற்றினான் என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைப்பவன் சாமிநாதையர் இட்ட புள்ளியை இடுகிறான். அதே வேலையைச் செய்துவிட்டு, முற்றிலும் அசலானது என்று சொல்லி விலை கூறுபவன் ஏட்டில் தன் அடியை எழுதிச் சங்கப் புலவன் பெயரை வைக்கிறான். கையால் செய்த வேலை இருவருக்கும் ஒன்றே.

ஆனால் இவ்விதியும் ஓரிடத்தில் முறியும். மலிவு விலைப் பெட்டிகள் சிலவற்றில் செலவைக் குறைக்கும்பொருட்டு மின்மாற்றியை விட்டுவிட்டு, வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பியை நேரே அடித்தகட்டோடு இணைத்திருந்தனர். செருகியைத் திருப்பிச் செருகினால் அடித்தகடு முழுவதும் உயிர்மின் பாயும். பிடி கழன்ற குமிழின் உலோகத் தண்டைத் தொடுபவன், ஈரமான சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்பானாயின், பிழைப்பது ஊழின் கையில் உள்ளது. மெய்ம்மைக்கு முழுதும் கட்டுப்பட்டுப் பழுது பார்ப்பவன் இந்த இணைப்பையும் இருந்தவாறே காக்க வேண்டுமன்றோ? ஏட்டிலிட்ட புள்ளி எவரையும் கொல்வதில்லை, இது கொல்லும். இங்கே பழமை மீதுள்ள கடமை, பெட்டியை நாளைத் தொடப்போகும் குழந்தையின் மீதுள்ள கடமைக்கு வழிவிட்டே ஆகவேண்டும். தனிப்படுத்தும் மின்மாற்றியை இடையில் வைத்தாக வேண்டும். அதையும் பழைய துளைகளைக் கெடுக்காமல், பின்வருவோன் விரும்பினால் அகற்றத்தக்கதாக வைக்க வேண்டும். மலிவாக வாங்கியவனுக்கு மட்டும் அத்தீங்கு வாய்த்தது என்பது மெய்யான வரலாறு, மறக்கத்தகாத வரலாறுங்கூட. வரலாற்றை எழுதி வைக்கலாம். மின்னிணைப்பில் வைத்திருக்க வேண்டியதில்லை.

இவற்றோடு ஒட்டிய சிறு சிக்கலொன்றும் உண்டு. அரக்குத்தட்டின் பள்ளத்துக்கு அகன்ற ஊசியும் பிற்காலத்து நெடுந்தட்டின் பள்ளத்துக்கு அதில் மூன்றிலொரு பங்கு நுனியுள்ள ஊசியும் வேண்டும். பழைய ஊசித்தலை கனமானது. ஒவ்வொரு முறை பாடும்போதும் தட்டைத் தேய்த்துக்கொண்டே பாடும். பெட்டியை அது இருந்தபடியே மீட்டால், அது கிட்டப்பாவின் குரலைக் கேட்கத் தருந்தோறும் சிறிது சிறிதாக அழிக்கும். கேளாமல் வைத்தால் குரல் இருக்கும். இருந்து பயன் என்ன என்பது கேள்வி. அரிய தட்டை ஒருமுறை ஒழுங்காகப் படியெடுத்துக்கொண்டு, பல படிகள் உள்ள தட்டுகளைப் பெட்டியில் பாடவிடுவது நடைமுறைக்கு ஏற்ற வழி. அறிவுடையோர் இதில் நெடிது வாதிடார்.

இனி முதலில் விட்ட இடத்துக்குத் திரும்பலாம். தீசியசின் கலத்தைப் பற்றிய பழைய வினாவோடு 1655இல் ஆங்கில மெய்ப்பொருளறிஞர் தாமசு ஆப்சு புதியதொன்றைச் சேர்த்தார். கழித்தெறிந்த பழைய பலகைகளை ஒருவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்து, அவற்றை முன்பிருந்த முறைப்படியே பூட்டி இன்னொரு கலம் செய்துவிட்டால், அவ்விரண்டில் தீசியசின் கலம் எது? புளூட்டார்க்கின் வினா சொல் விளையாட்டாகத் தோன்றியவர்க்கும் ஆப்சின் வினா அவ்வாறு தோன்றாது. அதில் கழித்தெறிந்தவற்றுக்கும் ஒரு வழக்கு உண்டாகிவிடுகிறது. பெட்டியைப் பொறுத்தவரை இது எளிது. கழற்றிய மின்தேக்கிகளைக் கொண்டு எவரும் இன்னொரு பெட்டி செய்யப் போவதில்லை. அப்பெட்டி வந்த தோட்டத்தைப் பொறுத்தவரை எளிதன்று.

பேராக்கின் தோட்டங்களுக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். 1950களிலும் 1960களிலும் வெள்ளையர் நிறுவனங்கள் விற்ற தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. அவ்வாறு துண்டாடப்படாமல் தொழிலாளரே வாங்கி நடத்தும்பொருட்டு, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பலகையையும் கலத்தையும் ஒருசேரக் காக்க எண்ணிய முயற்சி என்று அதைச் சொல்லலாம். ஆயினும் எல்லாத் தோட்டங்களும் அவ்வழியில் வரவில்லை. பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. நிறுவனங்கள் கைமாறின. லயங்கள் இடிக்கப்பட்டன. பால்வெட்டிய குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், தாப்பா ஆகிய ஊர்களின் தாமான்களுக்கும் பெயர்ந்தன. அவர்கள் செய்த வேலையைப் பிற நாடுகளிலிருந்து வந்தோர் பலர் இன்று செய்கின்றனர். மரமும் மாறி, உடைமையும் மாறி, உழைப்போரும் மாறிய பின்னும் பல தோட்டங்களின் நுழைவாயிற் பலகையில் பெயர் மட்டும் மாறாமல் நிற்கிறது. நிலப் பதிவேட்டின்படி அதுவே அத்தோட்டம்.

ஆனால் புந்தோங்கில் ஒரு திருமண வீட்டில் அமர்ந்து கேட்டால் வேறு தோட்டமொன்று தென்படும். எந்தத் தோட்டம் என்று ஒருவர் கேட்க, இன்ன தோட்டம் என்று மற்றவர் சொல்ல, அங்கே ஆறாம் நம்பர் லயமா, கோயிற்பக்கமா என்று பேச்சு வளரும். தோட்டத்தைவிட்டு முப்பது, நாற்பது ஆண்டுக்கு முன் வெளியேறியவர்கள் அவர்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு அத்தோட்டத்தார் என்ற பெயரிலேயே கூடுகின்றனர். கழற்றியெறியப்பட்ட பலகைகள் தம்மைத் தாமே பொறுக்கிப் பூட்டிக்கொண்டதே இது. எது உண்மையான தோட்டம் என்னும் வினாவை நீதிமன்றம் ஒருவாறு தீர்க்கும்; மனச்சான்று வேறொருவாறு தீர்க்கும். இங்கே மாற்றப்பட்ட உறுப்புகள் மனிதராயிருந்தனர் என்பதே பெட்டிக்கும் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாடு. உளுத்த பலகைக்கு எதுவும் தெரியாது.

இதிலிருந்து பழுது பார்ப்போனுக்கு ஒரு கடமை பிறக்கிறது. எறிந்த பொருளை எடுத்தவனுக்கே அது உரியது என்பது பொதுவான நியாயம். ஆனால் எறிந்தது வேறு, விட்டுச் சென்றது வேறு. வேண்டாம் என்று வீசியவன் தன் உரிமையையும் சேர்த்து வீசினான். வீட்டைக் காலிசெய்ய நாள் குறிக்கப்பட்டு, லாரியில் இடமின்றி, கட்டிலை ஏற்றுவதா பெட்டியை ஏற்றுவதா என்று எண்ணி, பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சென்றவன் அவ்வாறு வீசவில்லை. இருவர் பெட்டியும் ஒரே குப்பைமேட்டில் கிடந்து, ஒரே பழம்பொருள் வணிகர் கையால் ஈப்போ வந்து, ஒரே விலைக்கு விற்கப்படும். சட்டம் இரண்டையும் பிரித்தறியாது. ஆகவே தான் வாங்கிய பெட்டி எத்தோட்டத்திலிருந்து வந்தது என்று வணிகரைக் கேட்பதும், கேட்டதை எழுதி வைப்பதும் பழுது பார்த்தலின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட வேண்டும். அக்கேள்விக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. கேட்காமல் விடுவது, கிடைக்கக்கூடிய செய்யுளைத் தேடாமலே அவ்விடத்தில் புள்ளியிடுவதற்கு ஒப்பாகும். அது சோம்பல், நேர்மையாகாது.

இதற்கு மறுப்பாகச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. அதை எளிதாகத் தள்ளிவிடலாகாது. அப்பெட்டியின் குரலை மீண்டும் கேட்க வேண்டுமென்று முன்னைத் தொழிலாளர் அனைவரும் ஏங்குகின்றனர் எனக் கொள்வது நகரத்தார் கற்பனை. பழமையை இனிதாக்கிக் காட்டும் வழக்கம் இன்று ஈப்போவின் பழைய கடைவீடுகளில் எங்கும் காணக்கிடக்கிறது. காப்பிக்கடையின் சுவரோரம் ஓடாத வானொலிப் பெட்டியும் பாடாத இசைத்தட்டுப் பெட்டியும் அழகுக்காக வைக்கப்படுகின்றன. அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வோர் எவரும் அவற்றின் முன் கைகட்டி நின்றவர் அல்லர். மின்சாரப் பெட்டி முதலில் கிராணி வீட்டுத் திண்ணைக்கே வந்தது என்று மேலே சொல்லப்பட்டது. திண்ணைமீது அமர்ந்து கேட்டவர் சிலர். முற்றத்துக்கு வெளியே, வேலியோரம் நின்று கேட்டவர் பலர். வேலியோரம் நின்றவரின் மகளுக்கு அப்பாட்டு இனிமையோடு வேறொன்றையும் நினைவூட்டும். அவள் அதைக் கேட்க மறுத்தால், பழமையின் அருமை அறியாதவள் என்று அவளைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. பெட்டியை மீட்கலாம், அதைக் கேட்டோர் நின்ற இடத்தை மாற்றி மீட்க இயலாது. மாற்றிக் காட்டினால் அதுவும் உறைக்குள் மறைத்த மின்தேக்கியாகிவிடும்.

எனினும் மறுப்பு முழுதும் வென்றுவிடவில்லை. வேலியோரம் நின்றவர்களுள் சிலர் பின்னாளில் தாமே பெட்டி வாங்கினர். சீட்டுப் போட்டும் கூடுதல் நேரம் பால்வெட்டியும் சேர்த்த பணத்தில் வாங்கிய பெட்டி அது. தட்டு ஒவ்வொன்றின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளிலும் பெயரை மையால் எழுதி வைத்தனர். இரவல் கொடுத்தால் திரும்பி வரவேண்டுமே என்பது காரணம். பழம்பொருட் கடைக்கு வரும் தட்டுகளில் அப்பெயர்களை இன்றும் காணலாம். மை பழுப்பேறியிருக்கும், எழுத்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு கற்ற கை. சில தட்டுகளில் ஒரு பெயர் அடிக்கப்பட்டு இன்னொரு பெயர் எழுதப்பட்டிருக்கும். விற்பதற்குத் துடைப்போர் முதலில் அதைத்தான் துடைக்கின்றனர். பெயர் இருந்தால் விலை குறையும்.

துடைக்காமல் விட்டவன் ஒருவன் பழுது பார்த்து முடித்த பெட்டியில் அத்தகைய தட்டொன்றை வைத்துத் திருகியைத் திருப்புவானாயின், உடனே எதுவும் கேட்காது. வால்வு சூடேற அரை நிமிடம் வரை ஆகும். தட்டு சுழலும், பெயர் சுழலும், ஊசி பள்ளத்தில் ஓடும் மெல்லிய உராய்வு மட்டும் பெட்டிக்கு அருகில் குனிந்தால் கேட்கும். பழக்கமில்லாத இளைஞர் அந்நேரத்தில், இன்னும் சரியாகவில்லை போலும் என்று கைநீட்டுவர். முதியவர்கள் காத்திருப்பார்கள்.